பசூனும் பியானோவின் இடது கையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். உரையின்போது இசைக்கப்பட்ட பகுதிகள் அடைப்புக்குறிக்குள் குறிக்கப்பட்டுள்ளன.)



மேற்கத்திய இசை பற்றி இந்த மேடையில் பேச வருகிறவர்கள் பாக்கையோ பீத்தோவனையோ கையிலெடுப்பது வழக்கம். நான் பசூனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் செயலாளர் சற்று யோசித்துவிட்டு, "அதில் ஒரு மணி நேரத்துக்கு விஷயம் தேறுமா?" என்றார். நியாயமான கேள்விதான். பசூனுக்கும் பியானோவுக்கும் என்றே பெயர்பெற்ற இசையமைப்பாளர்கள் எழுதியவற்றை அடுக்கினால் அலமாரியில் ஒரு தட்டுகூட நிறையாது. அந்தத் தட்டு ஏன் நிறையவில்லை, இருப்பவை யாரால், எதற்காக வந்தன, அவற்றில் எவை தேறும் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பசூன் ஊதுகிறவன் இல்லை. பசூன் ஊதுகிறவர்களுக்குப் பியானோ வாசிக்கிறவன். தேர்வறையிலும் கச்சேரியிலும் அவர்களுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தே பழகியவன். அங்கிருந்து பார்க்கும்போது எனக்குத் தோன்றிய ஒரு கருத்தைத்தான் இங்கே வைக்கிறேன். ஒரு பசூன் சொனாட்டா நல்லதா இல்லையா என்று அறிய வேண்டுமானால் பசூனின் வரியைப் பார்க்காதீர்கள். பியானோவின் இடது கைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் கருவி. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளமுள்ள கூம்பு வடிவத் துளை. அதை நேராக வைத்தால் தூக்க முடியாது என்பதால் அடியில் மடக்கி, இரண்டு குழாய்களாக மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். பெரும்பாலும் மேப்பிள் மரம். பக்கவாட்டில் வளைந்து நீளும் மெல்லிய உலோகக் குழலின் நுனியில் இரட்டைச் சீவாளி. ஆம், சீவாளிதான். நாகஸ்வரமும் பசூனும் இந்த வகையில் ஒரே குடும்பம். இரண்டு நாணல் இதழ்கள் ஒன்றோடொன்று அதிர்ந்துதான் இரண்டிலும் நாதம் பிறக்கிறது. திருவாவடுதுறையில் கொறுக்கைத் தட்டையில் சீவாளி செய்வதுபோல, பசூன்காரர்கள் தெற்கு பிரான்சில் விளையும் நாணலை வாங்கி, பிளந்து, சீவி, கம்பி கட்டி, நூல் சுற்றித் தாங்களே செய்துகொள்கிறார்கள். தேர்ந்த கலைஞர் ஒருவர் ஊதும் நேரத்துக்கு இணையான நேரத்தைக் கத்தியும் அரமுமாகக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் சீவாளி ஒரு குணம் காட்டும், ஏசி அறைக்குள் போனால் வேறொரு குணம். இடது கட்டைவிரல் ஒன்றின் பொறுப்பில் மட்டும் எட்டு ஒன்பது சாவிகள். மற்ற எந்த மரக்காற்றுக் கருவியிலும் கட்டைவிரலுக்கு இவ்வளவு வேலை கிடையாது.

இனி ஒலி. பசூனின் மிகத் தாழ்ந்த சுரம் நொடிக்கு ஏறத்தாழ 58 அதிர்வு. உச்சத்தில் எழுதப்படும் சுரம் 660 அதிர்வுக்குப் பக்கத்தில். மூன்றரை ஸ்தாயி. ஆனால் ஒரு விசித்திரம் உண்டு. தாழ்ந்த சுரங்களை ஊதும்போது அந்த அடிப்படை அதிர்வு உண்மையில் மிகவும் பலவீனமாகத்தான் வெளிவருகிறது. அதன் மடங்குகளாக மேலே பிறக்கும் அதிர்வுகளில், குறிப்பாக 500 அதிர்வை ஒட்டிய வட்டாரத்தில் இருப்பவைதான் வலுவாக ஒலிக்கின்றன. மிச்சத்தைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒரு மனிதர் 'ஓ' என்று இழுக்கும்போது வாய்க்குள் வலுப்பெறும் அதிர்வுகளும் இதே வட்டாரத்தில் இருப்பதால்தான் பசூன் பேசுவதுபோல இருக்கிறது என்கிறார்கள்.

பியானோக்காரனுக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. புல்லாங்குழலோ வயலினோ மேலே பாடும். பியானோ கீழே தன் விருப்பப்படி நடமாடலாம். பசூனின் மிக அழகான பகுதி பியானோவின் நடுப்பகுதியிலேயே, என் இடது கை வழக்கமாகச் சுரக்கூட்டுகளைப் போட்டு வைக்கும் அதே இடத்தில், குடியிருக்கிறது. ஒடுங்கிய தாழ்வாரத்தில் இரண்டு கட்டில் போட்ட கதைதான். பியானோவின் தடித்த கம்பிகள் பெடலை மிதித்ததும் ஒன்றோடொன்று கலந்து பசூனின் பலவீனமான அடிநாதத்தை மூடிவிடும். மூடியைச் சிறிய கம்பில் நிறுத்திப் பார்க்கலாம், மெதுவாக வாசிக்கலாம், அவையெல்லாம் சமாளிப்புகள். தீர்வு இசையமைப்பாளரின் பேனாவில்தான் இருக்கிறது.

[பியானோவின் நடுப்பகுதியில் அடர்த்தியான சுரக்கூட்டுகளோடும், பின்னர் அதே சுரங்கள் விரிந்து மேலே சென்ற நிலையிலும், ஒரே பசூன் வரி இருமுறை வாசித்துக் காட்டப்பட்டது.]

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரியவர்கள் இந்தப் பேனாவை எடுக்கவே இல்லை. சூமன் 1849ஆம் ஆண்டில் கிளாரினெட்டுக்கு ஒன்று, ஹார்னுக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று, ஓபோவுக்கு ஒன்று என்று பியானோவோடு சேர்ந்து வாசிக்க வரிசையாக எழுதினார். பசூன் முறை வரவில்லை. பிராம்ஸ் 1894இல் இரண்டு கிளாரினெட் சொனாட்டாக்களை எழுதியதற்கு மியூல்ஃபெல்ட் என்ற ஒரு கலைஞரின் வாசிப்பு காரணம். பசூனுக்கு ஒரு மியூல்ஃபெல்ட் அவர் வாசலுக்கு வரவில்லை. கருவியும் அந்தக் காலத்தில் நிலைகொள்ளாமல் இருந்தது. அல்மென்ரேடர் என்ற பசூன் கலைஞரும் ஹெக்கல் என்ற கைவினைஞரும் 1831இல் ஜெர்மனியின் பீப்ரிக்கில் பட்டறை தொடங்கி, துளைகளின் இடத்தையும் சாவிகளையும் மாற்றி மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அதோடு, நெகிழ்ந்து பாடும் நடுக்குரல் வேண்டுமென்றால் செல்லோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இன்றும் பசூன்காரர்கள் கச்சேரிக்குச் சரக்குப் போதாமல் செல்லோவின் வீட்டில்தான் கடன் வாங்குகிறார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறைகள் இந்தக் கருவியை மதித்தன. விவால்டியிடம் மட்டும் முப்பத்தொன்பது பசூன் கன்செர்ட்டோக்கள், அவற்றில் இரண்டு முற்றுப்பெறாதவை. மொசார்ட் 1774இல், பதினெட்டு வயதில், சால்ஸ்பர்க்கில் எழுதியது ஒன்று. வேபர் 1811இல் மியூனிக் அரசவைக் கலைஞர் பிராண்ட்டுக்காக எழுதி, 1822இல் திருத்தியது ஒன்று. இவையெல்லாம் இசைக்குழுவோடு வாசிக்க எழுதப்பட்டவை. ஆனால் உலகில் இவை மிகுதியாக வாசிக்கப்படுவது பியானோவோடுதான்: பாட அறைகளில், தேர்வுகளில், இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கும் நேர்முகங்களில். மொசார்ட்டின் கன்செர்ட்டோ வாசிக்காமல் எந்தப் பசூன்காரரும் வேலைக்குச் சேர்ந்திருக்க மாட்டார் என்றே சொல்லலாம். அந்த அறைகளில் பியானோக்காரன் ஓபோ, ஹார்ன், வயலின், செல்லோ எல்லாமாக இருக்கிறான். நீளமான முன்னிசையை யாரும் கேட்பதில்லை. கடைசி இரண்டு வரியிலிருந்து தொடங்குங்கள் என்பார்கள். அடுத்தவர் உள்ளே வருவார், மறுபடி அதே இரண்டு வரி.

இப்படிச் சுருக்கி எழுதப்பட்ட பியானோப் பகுதிகளில் போவது எது என்பதற்கு ஒரே ஓர் இடம். வேபரின் முதற்பகுதியில் பெரிய ஆரவாரத்துக்குப் பின் இசைக்குழு அடங்கி, டிம்பனி மட்டும் தனியாக மெல்லத் தட்டும். அந்தத் தட்டலின் மேல்தான் பசூன் நிமிர்ந்து நுழையும். மேடையில் அது நாடகம். பியானோவில் அதே இடம் இடது கையின் ஒரே தாழ்ந்த சுரமாகிவிடுகிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றுகூடத் தோன்றாது. நாங்கள் என்ன செய்தாலும் அது டிம்பனி ஆகாது. இத்தகைய பியானோப் பகுதிகளைப் பயிற்சிக்கான உதவி என்று ஏற்றுக்கொள்ளலாம். இன்றைய பேச்சின் மையம் அவை இல்லை.

பசூனுக்கும் பியானோவுக்குமென்றே எழுதப்பட்டவை பெருகியதற்கு ஒரு கல்வி நிலையம் காரணம். 1795இல் தொடங்கப்பட்ட பாரிஸ் கன்செர்வத்வாரில் ஆண்டு முடிவில் ஒவ்வொரு கருவிக்கும் போட்டித் தேர்வு நடக்கும். எல்லா மாணவர்களும் ஒரே படைப்பை வாசிக்க வேண்டும். அதற்காகவே இசையமைப்பாளர்களிடம் புதிதாக எழுதி வாங்கும் வழக்கம் வேரூன்றியது. பியர்னே 1898இல் எழுதிய தனியிசைத் துண்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிறகு பியூசர், போசா, பிட்ச் என்று பட்டியல் நீள்கிறது. தேர்வுக்கான இசை என்பதால் அதற்கு ஒரு வார்ப்பு உண்டு. முதலில் மெதுவான, பேசுவதுபோன்ற பகுதி. நாதம் எப்படி என்று நடுவர்கள் பார்க்க. பிறகு வேகமான பகுதி. விரல் எப்படி என்று பார்க்க. நடுவே துணையில்லாமல் தனித்து வாசிக்கும் சஞ்சாரம்; மாணவருக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று பார்க்க. பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

இவற்றை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். ஒரு கருவிக்கு ஆண்டுதோறும் ஒரு புதிய படைப்பைக் கட்டாயமாக்கியது சிறிய காரியமில்லை. ஆனால் பியானோவிலிருந்து பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை சலிப்பூட்டும். வலது கை ஒரு சுரக்கூட்டு, இடது கை ஒரு சுரக்கூட்டு, 'நீ வாசி, நான் காத்திருக்கிறேன்' என்கிற மாதிரி. போட்டியில் மதிப்பெண் பசூனுக்குத்தானே!

விதிவிலக்கு, 1942இல் டூடியூ எழுதிய 'சரபாந்தும் ஊர்வலமும்'. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸ். கன்செர்வத்வாரின் இயக்குநர் தெல்வன்கூர் இளம் இசையமைப்பாளர்களைத் தேர்வுக்காக எழுதச் சொன்னார். டூடியூ பசூனுக்கு எழுதியதற்கு அடுத்து, புல்லாங்குழல், ஓபோ, டிராம்போன் என்று தொடர்ந்து எழுதினார். பின்னாளில் அவரே இந்த இளமைப் படைப்புகளை ஒதுக்கி, 1948இன் பியானோ சொனாட்டாவைத்தான் தன் முதல் படைப்பாக எண்ணினார். பசூன்காரர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சரபாந்து தாழ்ந்த சுரங்களில் கனமாக ஊர்கிறது. பியானோவும் அந்த இருட்டிலேயே நடக்கிறது. மூடிவிடும் ஆபத்து தெரிந்தே அதை நிறமாக்கிக்கொண்டவர் அவர். இரண்டாவதில் அணிவகுப்பு, எள்ளலோடு, இடையே தனிச் சஞ்சாரத்துடன். தேர்வு வார்ப்பு அப்படியே இருக்கிறது, அதற்குள் ஓர் ஆள் தெரிகிறார்.

இனி 1921. சான்-சான்ஸுக்கு எண்பத்தைந்து வயது. தன்னைப் பழங்காலத்து ஆள் என்று இளைஞர்கள் ஒதுக்கிவிட்டதை அறிந்தவர். மிச்சமிருக்கும் தெம்பை, அதிகம் கவனிக்கப்படாத கருவிகளுக்கு இசை சேர்ப்பதில் செலவிடுவதாக ஒரு நண்பருக்கு எழுதினார். ஓபோ, கிளாரினெட், பசூன் என்று மூன்று சொனாட்டாக்கள், படைப்பு எண் 166, 167, 168. மேலும் சில கருவிகளுக்கு எழுதும் எண்ணமும் இருந்தது, நாள் போதவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அல்ஜியர்ஸில் காலமானார். பசூன் சொனாட்டா பாரிஸின் முன்னணிப் பசூன் கலைஞர் லெட்டெலியேவுக்கு உரிமையாக்கப்பட்டது.

சான்-சான்ஸ் பத்து வயதில் பாரிஸின் பிளேயல் அரங்கில் பியானோ அரங்கேற்றம் செய்தவர். பியானோவில் எந்தக் கடினமும் அவருக்குப் பொருட்டில்லை. அப்படிப்பட்டவர் இங்கே பியானோவுக்கு எழுதியிருப்பதைப் பாருங்கள். முதற்பகுதியில் அடர்ந்த சுரக்கூட்டுகள் அரிது. சுரங்களை உடைத்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டிருக்கிறார். ஓடும் சுரம் அடுத்த கணமே ஒலி தேய்ந்துவிடுமாதலால் பசூனின் வரி முழுக்கத் தெளிவாகக் கேட்கும். பியானோ இருக்கிறது, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பகுதியில் பசூன் வெட்டி வெட்டித் துள்ளுகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் அது கோமாளி வேஷமாகியிருக்கும். 1897இல் டூகா எழுதிய 'மந்திரவாதியின் சீடன்' வந்ததிலிருந்து பசூன் துள்ளினாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். சான்-சான்ஸ் புன்னகைக்கு மேல் அனுமதிக்கவில்லை. மூன்றாம் பகுதியின் மெதுவான இசை, பழைய அரண்மனைக் காலத்து அலங்காரங்களோடு நீண்டு செல்வது. அதற்கு இடது கையில் அவர் வைத்திருப்பது அளவான, இடைவெளி விட்ட அடிகள் மட்டும். அந்த இடைவெளிகளில்தான் பசூன்காரர் மூச்சு வாங்குகிறார்.

இந்தப் படைப்பில் பசூன் உச்சத்திலிருக்கும் 'ஈ' வரை ஏறுகிறது. லெட்டெலியே வாசித்த பிரெஞ்சுக் கருவியில் அது ஓரளவு எளிது; ஹெக்கல் வகையில் அதற்கென்று தனிச் சீவாளியும் துணிவும் வேண்டும். இப்போது பிரான்சிலேயே பெரும்பாலான இசைக்குழுக்கள் ஜெர்மன் கருவிக்கு மாறிவிட்டன. அதனால் அந்த மெல்லிய, சற்று மூக்கால் பேசும் நாதத்துக்காக அளந்து எழுதிய பியானோப் பகுதியை, இன்று தடித்த நாதமுள்ள கருவியோடு நாங்கள் வாசிக்கிறோம். எனக்கு இதில் குறையில்லை. சான்-சான்ஸ் விட்டுவைத்த இடம் இரண்டுக்கும் போதுமானது.

[முதற்பகுதியின் தொடக்கம் முதலில் பியானோ மட்டுமாகவும், பின்னர் இருவருமாகவும் வாசிக்கப்பட்டது.]

இங்கிலாந்துப் பக்கம் சற்று. எல்கர் இளமையில் தம்பியோடும் நண்பர்களோடும் சேர்ந்த சிறிய காற்றுக்கருவிக் குழுவில் பசூன் ஊதியவர். 1910இல் லண்டன் சிம்பனி இசைக்குழுவின் பசூன் கலைஞர் எட்வின் ஜேம்ஸுக்காக ஒரு 'ரொமான்ஸ்' எழுதினார். ஆறு நிமிடம்தான். பசூன் என்றால் சிரிப்பு என்றிருந்த காலத்தில் துயரமும் கண்ணியமுமாக அதைப் பாட வைத்தார். இசைக்குழுவோடு கேட்டால் உருகும். பியானோவோடு கேட்டால் பாதி உருகும். அவருக்கு முன்பே, 1904இல், ஹர்ல்ஸ்டன் என்ற இளைஞர் நான்கு பகுதிகள் கொண்ட சொனாட்டா ஒன்றை எழுதிவிட்டார். சிறுவயது முதல் மூச்சு நோயால் அவதிப்பட்டு 1906இல் முப்பது வயதில் மறைந்தவர். பியானோவில் பிராம்ஸின் சாயல் அடர்த்தியாகவே இருக்கிறது, சில இடங்களில் என் இடது கையை நானே அடக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அதன் இரண்டாம் பகுதியான பாலட், பிராம்ஸ் எழுதாமல் விட்டது எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறது. இதை இன்னும் கூடுதலாக வாசிக்க வேண்டும்.

ஹிண்டெமித்தின் சொனாட்டா 1938ஐச் சேர்ந்தது. நாஜி அரசு அவர் இசைக்குத் தடை போட்டிருந்தது. அவ்வாண்டு மே மாதம் டுசல்டார்ஃபில் நடந்த 'சீரழிந்த இசை' கண்காட்சியில் அவர் பெயரும் தூற்றப்பட்டது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே அவர் செய்துகொண்டிருந்த காரியம், இசைக்குழுவில் இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் பியானோவோடு ஒரு சொனாட்டா. புல்லாங்குழலில் தொடங்கி 1955இல் டூபாவில் முடிந்த வேலை அது. வாசிப்பவர்களின் கையில் உருப்படியாக ஏதும் இல்லையே என்ற கவலைதான் அதன் பின்னணி. அவர் பல கருவிகளையும் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர். அதனால் எந்த விரல் எங்கே சிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

எட்டு ஒன்பது நிமிடத்துக்குள் முடிகிற சொனாட்டா. முதற்பகுதி இலேசாக ஆடிச் செல்கிறது. இரண்டாவது, மெதுவாகத் தொடங்கி, அணிநடையாகி, ஆயர் பாட்டுபோல அமைதியாக முடிகிறது. இதில் யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. பியானோவில் இரண்டு வரி, பசூனில் ஒரு வரி, மூன்றும் தனித்தனியாக நடந்து, குறுக்கிட்டு, விலகுகின்றன. இடது கை கூட்டமாகச் சுரங்களை அள்ளிப்போடாமல் ஒற்றை வரியாக நடப்பதால், பசூன் இருக்கும் அதே உயரத்துக்கு அது வந்தாலும் இரண்டும் வெவ்வேறாகக் கேட்கின்றன. இட நெருக்கடிக்கு சான்-சான்ஸ் கண்ட வழி விலகி நிற்பது. ஹிண்டெமித் கண்ட வழி உரையாடுவது. இதை வறட்சியான இசை என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒருமுறை வாசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன், ஏனென்றால் கேட்பதைவிட வாசிப்பதில் இது பல மடங்கு சுவை.

இவை இரண்டுக்கும் நேர்மாறானது ஒன்று உண்டு. கிரேக்கத்தின் ஸ்கால்கோட்டாஸ் 1943இல், நாடு ஆக்கிரமிப்பில் இருந்தபோது, ஏதென்ஸ் இசைக்குழுக்களின் கடைசி வரிசையில் வயலின் வாசித்துப் பிழைத்துக்கொண்டே எழுதிய 'சொனாட்டா கன்செர்ட்டான்டே'. எழுதியவற்றில் பெரும்பகுதி மேடையேறுவதைக் காணாமலே 1949இல் இறந்தார். இதில் பியானோ முழு இசைக்குழுவாகவே பொங்குகிறது. இடது கை எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பசூன் அதை எதிர்த்துக் கத்தித்தான் இடம்பிடிக்க வேண்டும். என் அளவுகோல்படி இது தோற்றுப்போயிருக்க வேண்டிய படைப்பு. தோற்கவில்லை. அந்த மல்லுக்கட்டே அதன் உள்ளடக்கமாகிவிடுகிறது. அளவுகோலை நான் கைவிடவில்லை; இந்த ஒன்றை மட்டும் அதற்கு வெளியே வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிந்தைய காலத்தை விரைவாகக் கடக்கிறேன். 1952இல் டான்ஸ்மானின் சொனாட்டினாவும் அமெரிக்காவின் எட்லர் எழுதிய சொனாட்டாவும் பயனுள்ளவை. மாணவர்கள் துணிந்து எடுக்கலாம். ஆனால் புதுமை தேடியவர்கள் மெல்ல மெல்லப் பியானோவையே விட்டு விலகிவிட்டார்கள். குபைதுலினா 1975இல் கன்செர்ட்டோ எழுதியபோது பசூனைச் சுற்றித் தாழ்ந்த தந்திக் கருவிகளை மட்டும் நிறுத்தினார். பெரியோ 1995இல் பசூனைத் தன்னந்தனியாகவே விட்டார். பியானோவோடு இனி பேச என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். இங்கே அமர்ந்திருக்கும் இளம் இசையமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பசூனுக்கு எழுதுவதாக இருந்தால் முதலில் பியானோவின் இடது கையை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள், வாசித்துப் பார்ப்போம்.

பேச்சு போதும். இப்போது சான்-சான்ஸின் சொனாட்டாவை முழுமையாக வாசிக்கப் போகிறோம். பியானோவின் மூடி முழுதாகத் திறந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தப் படைப்புக்கு அப்படித் திறந்து வைக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். மூன்றாம் பகுதியில் மெதுவான இசை ஓய்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். கைதட்டிவிடாதீர்கள். அதன் பின்னால் சின்னதாக ஒரு வேகப் பகுதி இருக்கிறது, அதில் எனக்கும் கொஞ்சம் வேலை உண்டு.

[சான்-சான்ஸ், பசூன் சொனாட்டா, படைப்பு எண் 168, முழுமையாக வாசிக்கப்பட்டது.]